ஏலம் என்று எழுதினேன்

“உங்க அம்மாவுக்கே எழுத்துக்கூட்டத் தெரியாது. நீ நெட்டுல எழுதி யாரு ஆத்தா படிக்கப் போறாக?”

பள்ளி விழாக் குழுவின் தலைவர் இதைச் சொன்னபோது அவர் கையில் பாதி கடித்த உளுந்தவடை இருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். பழைய மாணவி என்ற முறையில் அந்தக் கூட்டத்துக்கு அன்றுதான் முதல் தடவையாகப் போயிருந்தேன். அவர்களும் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது, உரக்கடை இருந்தது. நான் மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து இறங்கி வந்து, பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பரீட்சை எழுதியவள்.

“எங்கம்மா படிக்க மாட்டாகதான் அய்யா. போன வருசம் தேதி மாறுனது தெரியாம சேவலோட வந்து நின்னதும் அவுகதான்” என்றேன்.

தலைவர் மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டார்.

சேவல் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மாதா கோயில் இருக்கிற ஓர் ஊரில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை விடுதிக்காகப் பணம் திரட்ட விழா நடத்துவார்கள். பொதுச் சாப்பாடும் அதோடு ஏலமும் உண்டு. பெற்றோர்கள் வாழைத்தார், தேங்காய், ஆட்டுக்குட்டி, தோட்டத்தில் முதலில் வெட்டிய திராட்சை என்று தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். நாலைந்து பேருக்கு விலைபோன சேவல் சாயங்காலம் அதே மேடையில் நின்று கூவிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு அதுதான் விழா.

போன வருடம் மழை வரும்போல இருக்கிறது என்று விழாவை ஒருநாள் முன்னால் வைத்துவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள். அனுமந்தன்பட்டி வரைக்கும் ஆட்டோ போனது. மலைக்கு எந்த ஆட்டோ ஏறும்? அம்மா விடியலில் ஜீப் பிடித்து, சின்னமனூரில் பஸ் மாறி, கூடையில் சேவலோடு வந்து இறங்கியபோது பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தேனியில் வேலையிலிருந்த எனக்குப் போன் செய்தாள். ஏன் சொல்லவில்லை என்று யார்மேலும் கோபப்படவில்லை.

“சேவலு தவிச்சுக் கெடக்கு. இங்கன எங்கன போயித் தண்ணி காட்ட?” என்றுதான் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை. ஒரு வருடம் மனசுக்குள் வைத்திருந்து, விழாவுக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னேன்.

இந்த வருடம் விஷயம் சேவலைவிடப் பெரியது. பெண்கள் விடுதியின் கூரை ஒழுகியது. குளியலறைக் கதவுகள் கீழ்ப்பக்கம் இற்றுப்போய், உள்ளே இருப்பவளின் கால் வெளியே தெரிந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சரிசெய்யாவிட்டால் விடுதியை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. பஸ் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. மலைப் பிள்ளைகளுக்கு விடுதி இல்லையென்றால் பள்ளி இல்லை. எங்கள் லைனில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கியாக வேண்டும். இறங்க முடியாதவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போவாள். அப்படிப் போனவர்களில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்கள் என்னைவிட மக்குகள் இல்லை.

உரக்கடைக்காரர் கேட்டார்: “அதுக்கு வாட்ஸ்அப் குரூப்பு போதாதா பிள்ள?”

“குரூப்புல போட்டா குட்மார்னிங் படத்துக்கு அடியில தேதி போயிரும் அண்ணே. வெப்சைட்டுனா ஒரே எடத்துல இருக்கும். தேதி மாறுனா அங்கனயே மாத்திருவேன். எப்பத் தொறந்தாலும் சரியானது இருக்கும்.”

தலைமை ஆசிரியையான சிஸ்டர், “செஞ்சு காட்டு. நல்லா இல்லன்னா எடுத்துருவோம்” என்றார். எனக்கு அது போதும்.

தேனியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்வது என் வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். எல்லாவற்றிலும் ஒரே வியாதி. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே வரும். ஸ்டாம்ப் அளவில் முகங்கள் வரிசைகட்டி நிற்கும். எதற்காக, எங்கே, எத்தனை மணிக்கு என்பது அச்சகத்தின் பெயருக்குக் கொஞ்சம் மேலே எறும்பு எழுத்தில் கிடக்கும். பெயரை விட்டுவிட்டால் சண்டை வரும். நேரத்தை விட்டுவிட்டால் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு காதுகுத்துக்குத் தேதியே போடாமல் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறோம். வாங்கிப்போனவர் திரும்பி வந்தார், தாய்மாமன் போட்டோ சின்னதாக இருக்கிறதென்று.

பள்ளி விழா நோட்டீஸும் அப்படித்தான் இருக்கும். விடுதி என்ற சொல்லை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

என் வெப்சைட்டில் அந்த வியாதி ஒட்டக்கூடாது என்று முடிவு செய்தேன். முதலில் விடுதியின் கூரை, குளியலறை, மைதானம் எல்லாவற்றையும் படமெடுத்துப் போட்டேன். லிங்க்கை அம்மாவுக்கு அனுப்பினேன். எங்கள் லைனில் டவர் கிடைக்காது. ரோட்டு வளைவு ஒன்றில் போய் நின்றால் கிடைக்கும். அங்கே நின்று அம்மா லிங்க்கைத் தொட்டுவிட்டு எனக்குப் பேசினாள்.

“வட்டம் சுத்துது.”

“இன்னும் கொஞ்சம் நில்லும்மா.”

“நின்னுட்டேதான் இருக்கேன். வட்டம் மட்டுந்தான் சுத்துது. இது பாக்கவா ஜனங்கள வரச்சொல்ற?”

படங்களை எடுத்தேன். ஒன்றொன்றாக எடுக்க எடுக்க அம்மாவின் வட்டம் சீக்கிரம் நின்றது. கடைசியில் எழுத்து மட்டும் மிஞ்சியது. “மஞ்சளா வந்துருச்சு. பெருசு பெருசா எழுத்து இருக்கு” என்றாள். அதோடு நிறுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தனுப்பினார். திறந்தால் குழுவில் இருக்கிற எல்லோருடைய முகங்களும் இருந்தன. அவருடையது மட்டும் மூன்று விதமாக, அதில் ஒன்று கூலிங்கிளாஸோடு. நான் எதையும் போடவில்லை. அவரே போன் செய்தார்.

“எம்போட்டோ எங்கன ஆத்தா?”

“போட்டா மலையில பக்கம் தொறக்க மாட்டேங்குது அய்யா.”

“மலையில யாரு தொறக்கப் போறா?”

“அவுக பிள்ளைகளுக்குத்தான அய்யா விடுதி.”

“சரி, எம்பேராச்சும் பெருசாப் போடு” என்றார். பெயரையும் போடவில்லை. யார் பெயரையும் போடவில்லை, சிஸ்டரின் பெயரைக்கூட. எங்கள் ஊர்ப்பக்கம் பெயரே இல்லாத ஒரு விழா அறிவிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

முதல் பக்கத்தில், திறந்த உடனே தெரியும்படி, ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக வைத்தேன்: ஏலம். அதன் கீழே தேதி, சனிக்கிழமை காலை பத்து மணி, பள்ளி மைதானம். அதற்கும் கீழே, பெண்கள் விடுதியைப் பழுதுபார்க்க. விவரம் கேட்க நினைப்பவர்கள் அடியில் இருக்கும் எண்ணைத் தொட்டால் என் போன் அடிக்கும்.

அடித்தது. லிங்க்கை அனுப்பிய மறுநாளே அடித்தது. கடையில் யாருக்கோ பூப்புனித நீராட்டு விழா பேனர் செய்துகொண்டிருந்தேன். எடுத்தேன்.

“ஏலம் போட்டிருக்கீகள்ல, எத்தன எம்எம்?”

எனக்குப் புரியவில்லை. “காலையில பத்து மணிக்கு அண்ணே” என்றேன்.

“மணி கெடக்கட்டும். காயி சைஸு என்ன? எட்டு எம்எம் இருக்கா? சாம்பிள் அனுப்புவீகளா?”

போடிக்காரர். ஏலக்காய் வியாபாரி. எங்கள் பள்ளத்தாக்கில் ஏலம் என்றால் இரண்டு உண்டு. கூவி விற்பது ஒன்று. மலையில் காய்ப்பது இன்னொன்று. போடிக்காரர்கள் ஏலத்தையே ஏலத்தில்தான் எடுக்கிறார்கள். நோட்டீஸில் அந்தச் சொல்லைச் சுற்றி ஐம்பது பெயர்கள் நிற்பதால் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. நான் எல்லாப் பெயரையும் துடைத்துவிட்டு அதைத் தனியாக நிறுத்தியிருந்தேன். அதுவும் மஞ்சளில்.

அடுத்து குமுளியிலிருந்து ஒருவர், மலையாளத்தில்: “மோளே, காயி எத்தற கிலோ உண்டு?” அடுத்து கம்பத்திலிருந்து ஒருவர், பள்ளிக்கூடம் எப்போது எஸ்டேட் வாங்கியது என்று கேட்டார். வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் லிங்க்கைத் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப, அவர்கள் வியாபாரிகளுக்கு அனுப்ப, அது நான் நினைக்காத வழியெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

தலைவருக்கும் போன் போயிருக்கிறது. அன்று சாயங்காலமே பள்ளி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

“பாத்தீகளா சிஸ்டர்? ஏலத்துக்கும் ஏலத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளகிட்டப் பொறுப்பக் குடுத்தா இப்படித்தான். ஊரே சிரிக்குது.”

வித்தியாசம் எனக்குத் தெரியாதாம். நான் பிறந்தது ஏலத்தோட்டத்துக்கு நடுவில். அம்மா காய் பறித்துவிட்டு வந்தால் அவள் விரலில் ஒட்டியிருக்கும் மணம் நான் சாப்பிட்ட சோற்றில் இருக்கும். தப்பாக எழுதிவிட்டேன், மாற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் தப்பாக எழுதவில்லை. ஏலத்தை ஏலம் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது?

“சிரிக்கிறவக பக்கத்தப் பாத்துட்டுத்தான சிரிக்கிறாக அய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே ஒரு வரி சேர்த்தேன். ஏலம் என்ற பெரிய சொல்லுக்கு நேர் கீழே:

“எங்களிடம் ஏலக்காய் இல்லை. ஏலக்காய் பறிக்கிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கிப் படிக்க ஒழுகாத கூரை வேண்டும்.”

அதன் பிறகு ஏலக்காய் கேட்டுப் போன் செய்த யாரையும் தப்பான இடம் என்று சொல்லி வைத்துவிடவில்லை. கீழே இன்னொரு வரி இருக்கிறது, படித்தீர்களா என்று கேட்டேன். சிலர் மன்னிக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள். சிலர் பேசினார்கள். முதலில் அழைத்த போடிக்காரர் மறுபடி அழைத்து, “நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?” என்று கேட்டார். ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவரின் மகள் என்றேன். “அப்பிடியா” என்று சொல்லி வைத்துவிட்டார். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்த எனக்கு ஏமாற்றம்தான்.

அந்த வரி தலைவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் அலுவலகம். இந்தத் தடவை குழுவில் பாதிப்பேர் இருந்தார்கள்.

“பிச்ச கேக்குற மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கௌரவம் இருக்குல்ல? எடுத்துரு.”

“எடுக்க மாட்டேன் அய்யா.”

“குழு சொல்லுது.”

“அதுல எது பொய்யின்னு குழு சொல்லட்டும். அத மட்டும் எடுத்துர்றேன்.”

“ஏத்தா, என்ன பேச்சுப் பேசுற? அந்த பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான் அய்யா.”

உரக்கடைக்காரர் தும்முவதுபோலச் சிரித்தார். தலைவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் போனை எட்டப் பிடித்து அந்த வரியைப் படித்தார். “கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது” என்று சொல்லிப் போனை மேசைமேல் வைத்தார். அதுதான் தீர்ப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறுமாதிரி யாராவது எடுத்துக்கொள்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. மழை இல்லை. காலையில் மைதானத்துக்குள் ஒரு ஜீப் நுழைந்து, அதிலிருந்து எங்கள் லைன் சனம் சரியான தேதியில் வந்து இறங்கியது. அம்மா அதே கூடையோடு வந்தாள். சேவல் வேறு. “இதுக்கு நான் வீட்டுலயே தண்ணி காட்டிட்டேன்” என்றாள்.

ஏலம் விடுவது எப்போதும் தலைவர்தான். அதில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சிரிக்க வைப்பார். திராட்சை போனது, ஆட்டுக்குட்டி போனது, அம்மாவின் சேவல் மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்தது. அப்போது கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் டிரைவரிடம் ஒரு சாக்கைத் தூக்கி வரச் சொன்னார்.

“வெப்சைட்டு போட்டது யாரும்மா? உங்ககிட்டதான் காயி இல்லன்னு எழுதியிருந்தீக. அதான் கொண்டாந்தேன். ஏலத்துல ஏலத்தையும் விடுங்க.”

போனில் ‘அப்பிடியா’ என்று சொல்லி வைத்துவிட்ட குரல். மேடையருகே வந்து பேசியதால் மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. “தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வந்துட்டாரு பாவம்” என்று மைக்கை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் மேடைக்குக் கீழேயே நின்றிருந்தேன்.

“தப்பாப் புரிஞ்சவரு வந்துட்டாரு அய்யா. சரியாப் புரிஞ்சவக நெறையப் பேரு வீட்டுல இருக்காக.”

அவர் என்னைப் பார்த்துவிட்டு மைக்கைத் திறந்தார்.

முழுச்சாக்காக விட்டால் பணக்காரர்கள் நாலு பேருக்குள் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு படி வீதம் பிரித்து விடலாம் என்று சொன்னேன். என்னை எதிர்த்துப் பேச அப்போது அவருக்கு நேரமில்லை. படிபடியாக விட்டார். திராட்சைத் தோட்டக்காரர்கள் எடுத்தார்கள், ஆசிரியைகள் எடுத்தார்கள். உரக்கடைக்காரர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் திரும்பி வந்த படிக்கு, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அம்மா.

தலைவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். மைக்கிலேயே கேட்டார்: “நீ பறிச்ச காய நீயே காசு குடுத்து வாங்குறியாக்கும்?”

சிரிப்பு எழுந்தது. அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் இல்லை. தேவைப்படவும் இல்லை.

“பறிக்கையில மடியில ஒரு காயி கெடந்தாலும் கங்காணி ஒதறிப் பாப்பாக. இன்னைக்குக் காசு குடுத்து மடி நெறையக் கட்டிட்டுப் போறேன். எவரு கேக்குறாகன்னு பாக்குறேன். நீங்க தரத்தச் சொல்லுங்க.”

ஒருவரும் அவளுக்கு மேலே கேட்கவில்லை. கேட்க முடிந்த போடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஒரு தரம்” என்றார் தலைவர். “ரெண்டு தரம்.” மூன்றாவது தரத்தை அவர் இழுக்கவே இல்லை. அம்மா மேடைக்கு வந்து, முந்தானையை விரித்து, காயை வாங்கி முடிந்துகொண்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வழக்கத்தை மீறிவிட்டாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கூரைக்குத் தேவையானது சேர்ந்தது. கதவுகளுக்குப் போதவில்லை. கதவுகளை உரக்கடைக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நன்றியுரையில் தலைவர் பந்தல்காரர் வரைக்கும் நன்றி சொன்னார். வெப்சைட் என்ற சொல் வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து, “அடுத்த வருசத்துக்கு நோட்டீஸே போதும் ஆத்தா. ஏதோ இந்த வருசம் அமைஞ்சுபோச்சு” என்றார்.

இப்போது கூரை வேலை நடக்கிறது. ஆனால் விடுதி மூடப்போகிறது என்ற பேச்சு மலைக்குள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. கெட்ட செய்திக்கு ஆட்டோ வேண்டியதில்லை. இரண்டு வீட்டில் பிள்ளைகளை ஜூனிலிருந்து தோட்டத்துக்கு அனுப்புவதாக முடிவே செய்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். பிள்ளைகள் வராவிட்டால் புதுக்கூரைக்கு அடியில் பூட்டுத்தான் தொங்கும். அடுத்த விழாக் கூட்டம் வரை காத்திருந்து அனுமதி கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் போனேன். அந்த ரோட்டு வளைவில், டவர் கிடைக்கிற இடத்தில், அம்மாவை உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை. அவள் பாட்டுக்குப் பேசினாள். போனில் பதிந்து, அங்கிருந்தே வெப்சைட்டில் ஏற்றினேன். படம் இல்லாததால் சீக்கிரம் ஏறிவிட்டது.

இப்போது வெப்சைட்டைத் திறந்தால் ஏலம் என்ற சொல் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கிறது. எழுத்து எதுவும் கிடையாது. தொட்டால் அம்மா பேசுவாள்: “ஏலே, விடுதிய மூடல. புதுசாக் கூர போடுறாக. பிள்ளைகளத் தோட்டத்துக்கு இழுக்காம கீழ எறக்கி விடுங்க. எம்மக அங்கனதான் படிச்சா.”